டொக்டர் என்னைக் கேட்ட கேள்வி

லா சப்பலில் எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவோம். டொக்டர் அவரைப் பார்த்துக் கேட்பார், அவரே பதிலும் சொல்வார், வருத்தக்காரி கைப்பையைப் பிடித்தபடி இருப்பாள். நாட்டில் சண்டை முடிந்த பிறகு வந்தவள் நான். என் புருசனுக்கும் பிரெஞ்சு வராது, எனக்கு வாய் என்றால் அக்காதான். வெள்ளைக்காரரோடு சண்டை பிடிக்கிற அளவுக்குப் பிரெஞ்சு பேசுவாள்.

கலியாணமாகி வருடங்கள் போயும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ரூ காய் என்ற தெருவில் உள்ள கடையில் நான் மரக்கறி நிறுக்கும்போது, வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார்கள். முருங்கைக்காய் வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே! அதற்காகச் சோதிக்கப் போன இடத்தில்தான் கருப்பை வாயில் கட்டி என்றார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு டொக்டர் இரண்டு படங்களைத் திரையில் காட்டினார். ஒன்றில் அந்த இடம் பளிச்சென்று வெள்ளை. மற்றதில் அதே இடம் கறுப்பு. நீளமாகப் பேசினார். தண்ணீர் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"என்னவாம் அக்கா?"

"தண்ணிக் கட்டியாம். எடுத்துவிட்டாச் சரியாம்."

அப்போது டொக்டர் ஏதோ கேட்டார். அக்காவை அல்ல, என் முகத்தைப் பார்த்து. நான் வாய் திறக்க முதல் அக்கா "நோன்" என்றாள். வேறு வருத்தம் இருக்கோ என்று கேட்டாராம், இல்லையென்று சொன்னாளாம்.

அவள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். ஒப்பரேஷன் முடிந்து கண் விழித்த பிறகுதான் அது புற்றுநோய் என்றாள். கருப்பையை முழுதாக எடுத்தாயிற்று என்றாள். "வேறை வழியில்லை எண்டிட்டினம்." நம்பினேன். அவள் மடியில் கிடந்துதான் அழுதேன். அவள் காய்ச்சிய கஞ்சியைத்தான் குடித்தேன்.

அடுத்த வருடம் திரும்பவும் ஸ்கேன். அக்காவுக்கு வேலை, தனியாகப் போனேன். படம் பார்க்கிற டொக்டர் பாண்டிச்சேரிப் பெண். "தமிழா? உட்காருங்க" என்றதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுப் படத்தில் ஒன்றும் இல்லை என்றார். பழையதையும் திறந்து காட்டினார்.

"உடம்புல தண்ணி நகர்ந்துகிட்டே இருக்கும். இந்த மாதிரிக் கட்டியில செல்லெல்லாம் நெருக்கி நிக்கும், தண்ணிக்கு நகர இடமில்ல. அதான் இங்க வெள்ளை, அங்க கறுப்பு. கட்டி எதுவரைக்கும்னு இதுல நல்லாத் தெரியும். உங்களுது சின்னது, மேல ஏறவே இல்ல. வாய்ப் பக்கத்தை மட்டும் எடுத்திட்டு கர்ப்பப்பைய விட்டுடலாம்னு கேட்டாங்களே. நீங்கதான் குழந்தை வேணாம்னுட்டீங்களாமே?"

"நான் சொல்லேல்லை" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அங்கிருந்து நேரே பொபினிக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் சொன்னனான். அது திரும்ப வந்து நீ செத்துப்போனா அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? என்ரை பிள்ளையள் உன்ரை பிள்ளையள் இல்லையோ?"

அந்தப் பிள்ளைகள் அடுத்த அறையில் பிரெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் மண்ணள்ளித் தூற்றியிருப்பேன். கழுத்தறுத்தவள் கூடப்பிறந்தவள், அதுவும் பாசத்தில் அறுத்திருக்கிறாள். நான் இதை எந்தக் கடவுளிடம் போய்ச் சொல்ல?

"அண்டைக்கு டொக்டர் என்னட்டைக் கேட்டதை இப்ப தமிழிலை சொல்லு."

"விடடி."

"சொல்லு அக்கா."

அடுப்பை நிற்பாட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளை பெற விருப்பமோ எண்டு உன்னைக் கேக்கச் சொன்னவர்."

"ஓம்" என்றேன். "விருப்பம்."