இருபத்தோராவது குரல்

போன வாரம் டெல்லி லோதி ரோடிலிருந்து போன். முன்பு என்னோடு வேலை பார்த்த டீச்சர். பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய்ப் பாடம் நடத்த டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். இவளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது. மாமியாருக்கு இஷ்டமில்லை. "நீங்க போனீங்களே அக்கா... எப்படி இருந்துது?" என்று கேட்டாள்.

நன்றாக இருந்தது, தைரியமாகப் போய் வா என்றேன். நல்ல ஷூ வாங்கிக்கொள் என்றேன்.

கடைசி நாள் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது?

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் அதே மாதிரி ஒரு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. நான் ஜியாகிரஃபி டீச்சர். மலை, நதி, காடு எல்லாம் கரும்பலகையோடு சரி. பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல டீச்சர்கள். மீதிப்பேர் காலனிகளில் இளைஞர் மன்றம் நடத்துகிறவர்கள். மொத்தம் இருபது. தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

பயிற்சி ரிட்ஜ் காட்டில். டெல்லிக்கு நடுவிலேயே இருக்கிற காடு அது. ஒரு பக்கம் பஸ் ஹாரன் கேட்கும், மறுபக்கம் மயில் அகவும். முள் மரமும் பாறையுமாக... உள்ளே கொஞ்சதூரம் போனால் ஹாரன் சத்தம் நின்றுவிடும். எங்கே நின்றது என்று சொல்ல முடியாது.

பயிற்சி கொடுத்தவர் ராவத், இமயமலைப் பக்கம் கட்வால்காரர். அதிகம் பேசமாட்டார். புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நான் போய் நின்றபோதுகூடச் சிரிக்கவில்லை. கயிறு கட்டுவது, திசை பார்ப்பது, அடிபட்டவரைக் கம்பளியில் வைத்துத் தூக்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

கடைசி நாள் காலை. ஜனவரி மூடுபனி. டெல்லிப் பனி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... கையை நீட்டினால் விரல் தெரியாது. காட்டுக்குள் நடந்துவிட்டுத் திரும்பும் முன் ராவத் எங்களை வட்டமாக நிற்கவைத்தார். வழக்கம்போல ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன. ஏக், தோ, தீன்...

கடைசி ஆள் நான். "பீஸ்" என்றேன். இருபது.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நிதானமாக, "இருபத்தொண்ணு" என்றது.

தமிழில்.

திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது. பிரமை என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் ராவத் கேட்டார்:

"இக்கீஸ் சொன்னது யார்?" ஹிந்தியில் இருபத்தொன்று.

மறுபடி எண்ணச் சொன்னார். இருபதோடு நின்றது. மறுபடியும் இருபதுதான். யாரோ எதிரொலி என்றார்கள். பஸ் காத்திருக்கிறது, குளிர் தாங்கவில்லை, போகலாம் என்று பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

ராவத் நகரவில்லை. "ஓர் ஆள் குறைஞ்சாதான் தேடணும்னு இல்லை மேடம்," என்றார். "கூடினாலும் தேடணும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம், குரல் வந்த பக்கமாக. எங்கள் செருமல்கூட யாரோ செருமுவதுபோலக் கேட்டது. முதலில் ஒரு குரங்குக் குல்லா கிடைத்தது. அதைத் தாண்டி நிலம் சட்டென்று இறங்கியது. எப்போதோ கல் வெட்டிய பள்ளம். இறங்கிப் பார்த்தால் ஒரு பெரியவர் மல்லாந்து கிடந்தார்.

கண் திறந்திருந்தது. இறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். குனிந்ததும் அந்தக் கண்கள் என் பக்கம் மெதுவாகத் திரும்பின.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வாக்கிங் வந்தவர், பக்கவாதம் அடித்து விழுந்திருக்கிறார். பெயர் கேட்டோம். ஒரு முனகல்கூட வரவில்லை. கம்பளியில் வைத்துத் தூக்கினோம். என் ஷாலைப் போர்த்தினேன். எங்கள் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் மிஸஸ் சென்குப்தா என்ற பெங்காலி டீச்சர். ஜன்னலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "எல்லாரும் இக்கீஸ் இக்கீஸ்ங்கறாங்க. எனக்கு 'ஏகுஷ்'னு கேட்டுது. எங்க பாஷையில."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். அவர்தான் எங்களைக் கூப்பிட்டார் என்றோம். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். இந்த நிலையில் தொண்டையிலிருந்து சத்தமே வந்திருக்க முடியாது என்றார்.

கோடைக்குள் அந்தப் பெரியவருக்குப் பேச்சு வந்துவிட்டது. அவர் மகள் போன் செய்து கூப்பிட்டாள். ராவத்தும் நானும் சரோஜினி நகரில் அவள் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். பஞ்சாபிப் பெரியவர். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார்.

"நீங்க எண்ணினது எல்லாம் கேட்டுது. பீஸ் வந்ததும் நிறுத்திட்டீங்க. என்னையும் சேர்த்துக்குங்கன்னு கத்தறேன்... வாய் அசையலை. மனசுக்குள்ளயே அடுத்த நம்பரைச் சொன்னேன்."

எந்த பாஷையில் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?



"சாகப்போறவனுக்கு பாஷை ஏது மகளே?"

வெளியே வந்து பஸ் ஏறும்போது ராவத், மலையில் இதெல்லாம் உண்டு, டெல்லியில் இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார்.

இதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. வாயால் சொல்ல முடியாததை மனசுக்குள் கத்திக்கொண்டிருப்பவர்கள் காட்டில் மட்டுமா இருக்கிறார்கள்? என் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் எத்தனை பேரோ...

டீச்சர்களே, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.