பிள்ளை வரும் நாளில் பொயிலர் எரியவில்லை

மாதம் நிறையாமல் பிறந்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த என் மகளை அந்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டிலைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். நோர்பரியிலிருந்து அக்கா ஏழு மணிக்கே வால்தம்ஸ்டோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். வந்த கையோடு தலை முழுகி, ஹோலில் சாமிப் படங்கள் இருக்கும் சாமித் தட்டில் பெரிய குத்துவிளக்கை வைத்து, ஐந்து திரியும் போட்டு ஏற்றினார். "பிள்ளை வாசல்படி தாண்டும் மட்டும் இது எரியவேணும்" என்றார்.

ஒன்பது மணியளவில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கை வைத்தேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. வெளியே பனி உறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியின் போன்.

"இஞ்சேருங்கோ, வீடு சூடா இருக்கோ எண்டு நேர்ஸ் கேக்கிறா. இல்லையெண்டால் திங்கட்கிழமை வரைக்கும் பிள்ளையை இஞ்சையே வச்சிருப்பினமாம்."

"ஓம், நல்ல சூடு!" என்றேன், ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தபடி.

பொய்தான். ஆனால் இரண்டு மணிக்குள் அதை உண்மையாக்கிவிடலாம் என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை. ரேடியேட்டர்களுக்குச் சூடு அனுப்பும் பொயிலரைத் திருத்துபவருக்குப் போன் அடித்தேன், திங்கட்கிழமைதான் வருவாராம். வராவிட்டால் போகட்டும், நான் இருக்கிறேன்! எவ்வளவு சூடு வேண்டும் என்று குறித்துவைக்கும் தெர்மோஸ்டாட் இருபத்திரண்டில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். நின்றது. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பொயிலருக்கு முன்னால் போய் நின்றேன்.

அழுத்தமானியின் முள் ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருந்தது. பிடித்துவிட்டேன் கள்ளனை! கீழே உள்ள குழாயைத் திருகித் தண்ணீர் ஏற்றினேன். முள் ஒன்றரைக்கு வந்தது, பொயிலர் அசையவில்லை. அடுத்தது காற்று. சின்னச் சாவியோடு அறை அறையாக ஓடி ரேடியேட்டர்களின் காற்றைத் திறந்துவிட்டேன். சாவி வழுக்கி, கறுத்த தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் பீய்ச்சியடித்தது. அதற்கும் பொயிலர் மசியவில்லை. வெளிச்சுவரில் போகும் பொயிலரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கும் என்று வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த வெந்நீரைத் தந்ததே இந்தப் பொயிலர்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அவ்வளவு அவசரம்.

ஒரு மணி. ரீசெட் பொத்தானை எத்தனையாவது தடவையாக அமத்தினேனோ தெரியாது. கொஞ்சம் பொறுத்து 'டுப்' என்றொரு சத்தம். எரிகிறது!

"அக்கா! பத்திட்டுது!" நான் குசினிக்குள் துள்ளினேன்.

கையில் துணியோடு நின்ற அக்காவும் சிரித்தார். "நீ கெட்டிக்காரன்தானடா தம்பி."

அவர் ஹோலுக்குப் போனார். அவர் சொன்னதை நான் இரசித்து முடிப்பதற்குள் பொயிலர் அடங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. வேறு யார் இருக்கிறார்கள், அக்காவிடம்தான் பாய்ந்தேன்.

"என்னத்தைத் தொட்டனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லையடா. சாமித் தட்டில இருந்த பெட்டியில எண்ணெய் பட்டிருந்தது. குசினிக்குக் கொண்டுவந்து துடைச்சுப்போட்டு, இருந்த இடத்திலயே வச்சனான். உந்தப் பெட்டி நல்லாச் சுடுது."

தெர்மோஸ்டாட்! தன்னைச் சுற்றியுள்ள சூட்டை அளந்து பொயிலருக்குச் சொல்லும், வயர் இல்லாத, கையடக்கமான பெட்டி. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமித் தட்டில் வைத்துச் சந்தனம் பூசுவோம். கார்ச் சாவிக்கும் அதுதான் நடந்தது. சாவியை எடுத்துவிட்டோம், இதை எடுக்க மறந்துவிட்டோம். வெள்ளிக்கிழமைகளில் சின்ன விளக்கில் ஒற்றைத் திரி எரிந்தபோது அது பேசாமல் இருந்தது. இன்றைக்கு ஐந்து சுவாலை பக்கத்தில் எரிய, வீடு சித்திரை வெயிலில் கொதிக்கிறது என்று பொயிலருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சுடுதண்ணீர் வந்து ஹீட்டிங் மட்டும் வராவிட்டால், முதலில் பொயிலரை அல்ல, அதற்குக் கட்டளை போடும் இடத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு யார் சொன்னார்கள்?

"அப்ப விளக்கை அணைக்கட்டோ?" அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது.

"சீச்சீ, விளக்கு எரியட்டும் அக்கா!" பெட்டியைத் தூக்கி விறாந்தை மேசையில் வைத்தேன். இரண்டு பேரும் குசினிக்கு ஓடினோம். 'டுப்'. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

நாலு மணிக்கு மனைவியையும் மகளையும் கூட்டிவந்தேன். வீடு கதகதவென்றிருந்தது. மனைவி கோட்டைக் கழற்றிவிட்டு மகளின் போர்வையை விலக்கினாள். காரிலிருந்து பைகளை இறக்கிவந்த கையோடு, ஆசை தாங்காமல் அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்தேன். என் விரல்களின் குளிர் பட்டதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு வீடே அதிர வீரிட்டாள்.

பிறந்த அன்று அழுவதற்கு அவளிடம் மூச்சு இருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவளைத் தேற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றோம்.