அக்காவின் பையில் இருந்த கைப்பிடி

அக்காவைப் பற்றிப் பேச வருபவர்கள் எல்லோரும் தைரியசாலி என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து அவளைப் போல் பயந்தவள் கிடையாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் பிழைப்புக்குப் பிடித்தது, உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் சூரிய வெப்பப் பேனல்களைப் பதிக்கும் வேலை. சுவர் வெயிலை வாங்கித் தனக்குள் ஓடும் தண்ணீரைச் சுடவைக்கும். குளிர்காலத்தில் அந்தச் சூடு அறைகளுக்குப் போகும். கோடையில் அதே சூட்டில் குளிரூட்டும் இயந்திரம் ஓடும்.

சூடேறும் தண்ணீர் பெருகும் அல்லவா? அது போய் அடங்குவதற்கு மொட்டைமாடி அறையில் ஒரு தொட்டி வைப்பார்கள். குழாய்களில் கசிவு பார்க்கும்போது மட்டும் அதன் வால்வை மூட வேண்டும். மூடியவர் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார், வேறு யாரும் பாதியில் திறந்துவிடாமல் இருக்க. சோதனை முடிந்து வால்வைத் திறக்கும்வரை பேனல்கள் துணி போர்த்தியபடி இருக்கும்.

அன்று கசிவு எதுவும் இல்லை. துணிகளை உருவச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள் அக்கா. கை கழுவி, கைக்குட்டைக்காகப் பையைத் துழாவியவள் அப்படியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. கையில் சிவப்புக் கைப்பிடி.

"டேய், தொட்டியத் திறக்கலடா."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூட வேலை செய்யும் வெல்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டதும் அவர் அந்த மொட்டைமாடி அறையில்தான் படுப்பார். அங்கிருந்த சேஃப்டி வால்வுக்கு இன்னும் வெளிக்குழாய் மாட்டவில்லை. அழுத்தம் மீறினால் கொதிநீர் அவர் படுக்கும் மூலைக்குத்தான் பீய்ச்சும்.

ஓடினோம். கீழே நின்ற ஆட்களிடம் பேனல்களை மறுபடி மூடச் சொல்லிவிட்டு மேலே போனோம். அறை வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. உள்ளே குழாய்கள் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன.

"ரொம்ப பயமா இருக்குடா," என்றாள். "நீ வராத."

பெயர் சொல்லி எழுப்பவில்லை. நேராகப் போய் அவருடைய இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தாள். காதிலிருந்த இயர்போன் கழன்று விழ, அவர் கண்விழித்தார்.

"விடும்மா, நான் இன்னும் சாகல."

"வாய மூடிட்டு வாங்கண்ணே."

வாசற்படியைத் தாண்டும்போது சேஃப்டி வால்வு வீறிட்டது. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அக்காவின் இடது கையில் ஆவி பட்டுத் தோல் உரிந்தது. ஆவி அடங்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தான் மறந்ததை அவளே அவரிடம் சொன்னாள். அவர் அவளுடைய உரிந்த கையைப் பார்த்தார். பிறகு, குறட்டை விட்டேனா என்று கேட்டார்.

"கீழ்த்தெரு வரைக்கும்ணே," என்றாள்.

காயம் ஆறி முதல்நாள் வேலைக்குக் கிளம்பியவள் செருப்பு மாட்டியும் வாசலைத் தாண்டவில்லை.

"கூட வந்து கீழ நில்லு. மேல மட்டும் பாக்காத, நீ பாத்தா எனக்குக் கால் ஆடும்."

சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மேலே ஸ்பானர் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்கும் மூச்சு நின்றது.