சீப்புச் சின்னமும் எங்கள் வீட்டு பிரிண்டரும்

எங்கள் வீட்டு பிரிண்டரின் மூடியைத் திறந்தால், தாளை உள்ளே இழுக்கிற ரப்பர் உருளையில் இன்றைக்கும் ஒரு மஞ்சள் கறை தெரியும். ஈரத்துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சர்வீஸுக்கு எடுத்துப் போனபோது செஞ்சிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மஞ்சள் மை கசிந்திருக்கிறது, டேங்கை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அது மை இல்லை, அம்மியில் அரைத்த மஞ்சள் என்று நான் சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த மஞ்சளைப் பூசியவர் என் அத்தை. பூசிய அன்று நான் அவரைப் பேசிய பேச்சு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் இருபது வயதில் திரும்பி வந்தவர், அதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் கோலம் போடுகிற நிதானத்தில். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களில் யாருக்கு என்ன குறை என்றாலும் அத்தையின் குரல்தான் முதலில் எழும்பும். எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற சாலையில் இருக்கிறது. ஊர்த்தெருவும் காலனியும் சேர்ந்து ஒரே வார்டு. காலனி எங்களுடையது. டேங்கில் தண்ணீர் விட்டால் முதலில் ஊர்த்தெருவுக்குப் போகும். அங்கே கடைசிக் குடம் நிறைந்த பிறகு எங்கள் குழாயில் நூல் மாதிரி ஒழுகும். வார்டு மெம்பர் என்றைக்கும் ஊர்த்தெருக்காரர்தான். போய்க் கேட்டால் சொல்கிறேன் என்பார், யாரிடம் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. வார்டு பெண்களுக்கு என்று மாறிய வருடம், குழாயடியில் நின்றபடி, இடுப்புக் குடத்தை இறக்காமலே, தான் நிற்கப் போவதாக அத்தை அறிவித்துவிட்டார்.

வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். அதனால் மனு நிரப்பியதிலிருந்து எல்லாம் என் பொறுப்பு. வாக்காளர் பட்டியலை வாங்கி வந்து விரல் வைத்து எண்ணினேன். எங்கள் தெருவின் மொத்த ஓட்டும் ஒன்று குறையாமல் விழுந்தாலும் பத்தாது. ஊர்த்தெருவிலிருந்து கொஞ்சம் வந்தே தீர வேண்டும். அத்தையிடம் அதை மறைக்காமல் சொன்னேன். எங்கள் தெரு ஆளுக்கு அந்தத் தெருவில் யாரும் இதுவரை ஓட்டுப் போட்டதில்லை, போடச் சொல்லி யாரும் நின்றதும் இல்லை. எதிரே நின்றவர் பழைய மெம்பரின் மனைவி. அத்தைக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. டீக்கடையில் ஒருவர், வழுக்கைத் தலைக்காரன் எல்லாம் எதில் குத்துவது என்று கேட்டாராம். "ஒனக்கு முடி இல்லன்னா இன்னா, ஊட்ல பொண்டாட்டிக்கு இருக்குது இல்ல? அவளக் கேட்டுக் குத்து" என்று அத்தை சொன்னது அன்று மாலைக்குள் இரண்டு தெருவுக்கும் போய்விட்டது.

பிரிண்டர் வாங்கியது தேர்தலுக்காக இல்லை. டிகிரி முடித்துப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய வினாத்தாள் ஒன்று வேண்டும் என்றாலும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். கையேட்டைப் பார்த்து நீல டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தேன். சுவிட்சைப் போட்டால் உள்ளே எதுவோ டக் டக்கென்று முட்டி, சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி மறுபடி அணைத்துப் போட்டேன், மறுபடி மறுபடி முட்டியது. இரும்புச் சட்டியோடு அந்தப் பக்கம் போன அத்தை குனிந்து பார்த்து, "அங்க இன்னாடா நீலமா ஒட்டிக்கினு இருக்குது?" என்றார். உள்ளுக்குள் ஒரு டேப்பை விட்டிருந்தேன். அதை உரித்ததும் எல்லாம் ஓடியது. மை பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் டேங்க் கடகடவென்று தானே இழுத்துக்கொண்டு, கோடு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். மாடு கழநீர் குடிப்பது மாதிரி இருக்கிறது என்று அத்தை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் தந்த மடிக்கணினியிலிருந்து முதல் பக்கம் வந்தபோது, நான் ஏதோ பெரிய ஆபீஸ் ஒன்றைத் திறந்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தேர்தல் வந்தபோது செஞ்சியில் இரண்டு அச்சகத்தில் விசாரித்தேன். ஆயிரத்துக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார்கள். எங்கள் வார்டிலோ இருநூறு வீடுகூட இல்லை. நம் மெஷினிலேயே அடித்துவிடலாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதிப் படித்தும் காட்டினேன். பேச்செல்லாம் தான் பேசிக்கொள்வதாகவும், பேரும் படமும் சீப்பும் இருந்தால் போதும் என்றும் சொல்லி, முக்கால் பாகத்தை அத்தை வெட்டச் சொன்னார். மிஞ்சியது தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று வேட்பாளருக்குத் தந்த விதித்தாளில் இருந்தது. கதவு எண்ணோடு என் பெயரைப் போட்டேன். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், என் சான்றிதழ்கள் இவற்றை விட்டுவிட்டால், எங்கள் குடும்பத்தில் அச்சில் ஏறிய முதல் பெயர் அத்தையுடையது, இரண்டாவது என்னுடையது.

ஆனால் தேர்வு முடிந்த பிறகு நான்கைந்து மாதம் அந்த மெஷினைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். கறுப்பு மை உள்ளேயே காய்ந்துபோயிருந்தது. முதல் நோட்டீஸில் சீப்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து, நடுவில் பாதிப் பற்களைக் காணோம். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மருமவனே, தேர்தலுக்கு முன்னாடியே எஞ்சீப்பக் கெழவி ஆக்கிட்ட?"

மை வரும் துளைகளின் அடைப்பை எடுக்க ஹெட் கிளீனிங் என்று ஒரு வசதி உண்டு. அதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மைதான் குறைந்தது, பல் முளைக்கவில்லை. கடைசியில் கறுப்பையே விட்டுவிட்டு, மற்ற நிறங்களைக் கலந்து அரக்கு நிறத்தில் அடித்தேன். சீப்பு முழுசாக வந்தது, எழுத்தும் பளிச்சென்று இருந்தது. செஞ்சியிலிருந்து நூறு தாள் கட்டாக இரண்டு கட்டுக் காகிதம் வாங்கித் தயாராக வைத்தேன். வீட்டில் இருந்த பழைய தாளெல்லாம் சோதனையிலேயே தீர்ந்திருந்தது. மறுநாள் அமாவாசை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலத்தோடு பிரச்சாரம் முடிகிறது.

அமாவாசைக் காலையில் மில்லில் மாவரைக்கப் போனவன், கரண்ட் இல்லாமல் அங்கேயே காத்துக் கிடந்து திரும்பினேன். வாசலில் பாய்கள் விரித்து, அவற்றின்மேல் என் காகிதங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பறக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கல். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள். அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து, கிண்ணத்தில் விரலைத் தோய்த்துத் தோய்த்துக் கடைசிக் கட்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன கல்யாணப் பத்திரிகையா, ஊர்த்தெருவில் சிரிக்க மாட்டார்களா, படித்தவன் ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா என்று, அந்தப் பெண்களை வைத்துக்கொண்டே கத்தினேன். எழுதத் தெரியாத கைக்குக் காகிதத்தில் என்ன வேலை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தை விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"வெறுங்காகிதத்த கருமாதிக்குத்தான்டா குடுப்பாங்க. நான் மொத மொதல்ல எம்பேரு போட்ட காகிதத்த அவங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன். ஒவ்வொரு ஊட்டுக்கும் அதான மொத காகிதம்?"

வேறு காகிதம் வாங்கவும் வழியில்லை. அமாவாசையன்று எங்கள் சாலையில் ஓடுகிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம்தான். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள், எங்கள் நிறுத்தத்தில் ஒன்றும் நிற்காது. அந்தக் காகிதத்திலேயே அடிக்க வேண்டியதாயிற்று. ஈரம் பட்ட மூலைகள் சுருண்டு, நான்கு தாளுக்கு ஒரு தாள் உள்ளே சிக்கியது. பின்பக்கத்தைத் திறந்து கிழியாமல் உருவ வேண்டும். அத்தை ஒவ்வொன்றாகத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி நீவித் தந்தார், நான் ஒவ்வொன்றாகச் செலுத்தினேன். பாதிக்கு மேல் உருளையிலும் மஞ்சள் ஏறி, நோட்டீஸின் நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள் பட்டையும் சேர்ந்து வந்தது. அரக்கு எழுத்து, மஞ்சள் மூலை. தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் கல்யாணப் பத்திரிகைதான். எனக்கு அதை யாரிடமும் நீட்டவே கூச்சமாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஊர்த்தெருவுக்குப் போனோம். இதற்கு முன்பு இரண்டு தடவை வெறுங்கையோடு போய்க் கும்பிட்டிருந்தோம். பார்க்கலாம் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்தே குரல் வரும். ரேஷன் சீட்டோ கூட்டத்து அறிவிப்போ, நாங்கள் எதைக் கொண்டுபோனாலும் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்வதுதான் அந்தத் தெரு வழக்கம். அன்று முதல் வீட்டில் ஒரு அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நான் சுவரைத் தேடி நோட்டீஸை வைக்கப் போனேன். அவர் கண் மஞ்சளில் பட்டது. சட்டென்று எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். மஞ்சள் தடவிய காகிதத்தை எங்கள் பக்கம் யாரும் ஒற்றைக் கையால் வாங்க மாட்டார்கள். வாங்கிய பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லீங்கம்மா," என்றேன். "அத்த மெம்பருக்கு நிக்குது. சீப்புச் சின்னம்."

அவர் நோட்டீஸைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். திருப்பித் தரவில்லை. உள்ளே போய் சாமி மாடத்தில் சொருகுவது வாசலிலிருந்தே தெரிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சிலர் சுவரைத்தான் காட்டினார்கள். ஒருவர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார். ஆனால் சுவர்மேல் வைத்ததைக்கூட யாரும் கசக்கவில்லை. மறுநாள் எதிர்த்து நின்றவரின் வழவழப்பான நோட்டீஸ்கள் சாக்கடையிலும் ஆட்டின் வாயிலும் கிடந்தன. எங்களுடையது ஒன்றும் தெருவில் கிடக்கவில்லை. அன்று சாயங்காலமே தெரு முனையில் நின்று, காலையில் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். காகிதம் இன்னும் எத்தனை இருக்கிறது என்று மட்டும் அத்தை கேட்டார்.

ஒன்றிய அலுவலகத்தில் ஓட்டு எண்ணினார்கள். ஏஜென்டாக நான் உள்ளே இருந்தேன். அத்தை வெளியே தடுப்புக் கட்டையைப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்து, ஜெயித்துவிட்டாய் என்றேன். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

"ஊர்த்தெருவுல எத்தினி?"

எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கலந்துதான் எண்ணுவார்கள், தெருவாரியாகத் தெரியாது என்று விளக்கினேன்.

"நம்ம தெரு மொத்தமும் போட்டாலும் பத்தாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா அத்தே."

"அப்ப போட்டிருக்காங்க," என்றார். அதற்குப் பிறகுதான் கட்டையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

இப்போது தண்ணீர் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு முதலில், ஒரு நாள் ஊர்த்தெருவுக்கு முதலில். அதற்காக அத்தை போட்ட சண்டைகளைத் தனியாக எழுதலாம். மனு எழுத, பிரிண்ட் எடுக்க, ஆதார் நகல் போட என்று இரண்டு தெருவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கறுப்பு மை காயாமல் இருக்க வாரம் ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம், இப்போது அதற்கு அவசியமே இல்லை. ஆனால் முதலில் வந்தவரை மட்டும் நான் மறக்க முடியாது.

ஜெயித்து ஒரு வாரம் இருக்கும். ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் வாசலுக்கு நாலடி தள்ளி வந்து நின்றார். நாங்கள் போனபோது கதவைச் சாத்தியவர் அவர்தான். அவர் வயலில் மின்கம்பம் சாய்ந்துவிட்டதாம், கரண்ட் ஆபீஸுக்கு மனு வேண்டும், மெம்பர் கையெழுத்தும் வேண்டும். மெஷினைக் கொஞ்சம் வெளியே எடுத்து வந்து அடித்துக் கொடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். அத்தை அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலையில் கை வைத்து நின்றார்.

"ஒயரு எட்டாதுங்க," என்றார். "நீங்கதான் உள்ள வரணும்."

என் கட்டிலுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கிடந்தது. வாசல் தாண்டி, தெரு வரைக்கும்கூட எட்டும். நான் மடிக்கணினியின் திரையைப் பார்த்தபடி இருந்தேன். பெரியவர் தெருவின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். எங்கள் வீட்டு நிலை தாழ்வு, யார் வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். அவரும் குனிந்து உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பேரு சொல்லுங்க," என்றேன்.