ஒன்பது திருகாணிகளுக்குள் என்ன இருந்தது

இஸ்திரிப் பெட்டியோ புல் வெட்டும் இயந்திரமோ, எது வாங்கினாலும் அட்டைப் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும்; யாரும் பிரிக்கமாட்டார்கள். அதைத் தமிழில் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. இருபது வருடமாக ‘எச்சரிக்கை’, ‘எச்சரிக்கை’ என்று எழுதியதில் குடியிருப்பு முழுக்க அவளுக்கு எச்சரிக்கை அக்கா என்றே பெயர். ஈரக் கையால் சுவிட்சு போடுவதில் மட்டும் அவளை மிஞ்ச அந்த மூன்று மாடியிலும் ஆள் கிடையாது.

அவளுடைய லேப்டாப்புக்குப் பதினோரு வயது. கீல் உடைந்ததால் திரையைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்திருப்பாள். ழ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. சுண்டுவிரல் நகத்தால் குத்தினால்தான் எழுத்து விழும். உள்ளே இருக்கும் விசிறி போடும் கூச்சலைக் கேட்டு, “மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்று கீழ்வீட்டிலிருந்து குரல் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை, துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டில் நாற்பதாவது பக்கத்தில் இருந்தபோது அது பொசுக்கென்று அணைந்தது. போட்டால் நான்கு நிமிடம் உயிர், மறுபடி இருட்டு. வெள்ளிக்கிழமைக்குள் கையேட்டை அனுப்பியாக வேண்டும்.

அவள் கணவர் ரொட்டிக்கடையில் அதிகாலை வேலை பார்ப்பவர். நண்பகலில் வீடு திரும்பிவிடுவார். அறுந்த செருப்பை மூன்று தரம் தைத்துப் போடுகிற மனிதர். அவர் சொன்னதுதான் அவளுக்கு வியப்பு.

“தொறந்துகூடப் பார்க்க வேணாம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிடு.”

நாத்தனார் பேருந்து ஓட்டுநர். அன்று அவளுக்கு விடுமுறை; எதற்கும் கடையில் காட்டிவிடலாம் என்று அக்கா லேப்டாப்பைத் தூக்கியதும் கூடவே கிளம்பிவிட்டாள்.

“அண்ணன் சொல்றதுதான் சரி அண்ணி. என் பஸ்ஸுக்குப் பதினாறு வயசு, ஓடத்தான் செய்யுது. அதுக்காக அதை நான் வீட்டுக்கா கூட்டிட்டு வர்றேன்?”

பழுது பார்க்கும் கடை ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைக்காரர் கறாராகச் சொன்னார்: “உள்ள இருக்கற மதர்போர்டு போயிருந்தா தொட மாட்டேன். புதுசு விலையில பாதி ஆகும்னா அப்பவும் தொட மாட்டேன். மத்தபடி பார்க்கலாம்.”

ஒன்பது திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். பிறகு இடுக்கியால் விசிறிக்குள்ளிருந்து எதையோ இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. கம்பளி மாதிரி, கெட்டியாக, நல்ல ஆரஞ்சு நிறத்தில்.

“பூனை வளர்க்கறீங்களாக்கா?”

“பூனையா? எங்க வீட்லயா? நான்தான் ஒரு பிராணியும் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கேனே!”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே பொறி தட்டியது. நண்பகலில் அவள் நூலகத்துக்குப் போவாள்; லேப்டாப் மேசையில் ஓடிக்கொண்டே கிடக்கும். கணவரைப் போனில் அழைத்தாள்.

“என்னங்க, பூனை எந்த நிறம்?”



“...ஆரஞ்சு” என்றார் அவர். “தினமும் வரும்மா. அந்தப் பெட்டி இதமா சூடா இருந்துச்சு. ஏறிப் படுத்துக்குச்சு. பாவமா இருந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா.”

நாத்தனாருக்குத்தான் முதலில் அடக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். அக்காவுக்கு முதலில் கோபம்தான் வரப் பார்த்தது; பாதி வழியில் சிரிப்பு முந்திக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் சாய்ந்துவிட்டாள். கடைக்காரர் ஊதுகுழாயை வைத்து ஒரு ஊது ஊத, கடையெல்லாம் ஆரஞ்சு மேகம். மூவரும் தும்மித் தீர்த்தார்கள்.

“போர்டு தங்கம் மாதிரி இருக்குக்கா. காத்துப் போக வழியில்லாம சூடேறி அணைஞ்சிருக்கு, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கை மட்டும் மாத்தி, அதுல இருக்கறதையெல்லாம் புதுசுல ஏத்திடறேன், பறக்கும்.”

“அப்ப பண்ணலாம்ங்கறீங்க?”

“பாதி இல்ல, கால்வாசிகூட ஆகாது.”

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். “பண்ணிடுங்க, பண்ணிடுங்க” என்று சிரிப்புக்கு நடுவே கையை ஆட்டினாள் நாத்தனார்.

சாயங்காலம் கடையிலேயே பொத்தானை அழுத்தினாள். முன்பெல்லாம் அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைப்பாள். இப்போது கை எடுப்பதற்குள் திரை மலர்ந்தது. நாற்பது பக்கமும் பத்திரம். செத்த லேப்டாப் ஒன்றிலிருந்து ஒரு பட்டனைப் பெயர்த்துக் குழியில் பொருத்தியிருந்தார் கடைக்காரர். அவள் தொட்டாள். ழ விழுந்தது. மழை, பழம், கழுதை, வாழை, பாழாப்போன புழு என்று அர்த்தமில்லாமல் அடித்துக்கொண்டே போனாள்; நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “கிழவன், கிழவன் போடுங்க!” என்று கத்தினாள். கீல் மட்டும் கிடைக்கவில்லை. போனால் போகிறது.

கையேடு வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் அவள் நூலகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். கணவர் கதவோரம் கையைப் பிசைந்தபடி நின்றார்.

“பேரு ஏதாவது வெச்சிருக்கீங்களா அதுக்கு?”

“வெச்சிருக்கேன். சொன்னா சிரிப்ப.”

“சொல்லுங்க.”

“எச்சரிக்கை” என்றார். அவள் சிரித்த சிரிப்பில், சன்னல் வரை வந்துவிட்ட பூனை வந்த வழியே ஓடியது. கணவர் அதைச் சமாதானப்படுத்திக் கூட்டி வரப் படியிறங்கினார்.

“பால் ஆறுது, சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும்!” என்று அவள் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.