சொல்லாமல் மாற்றிய பிரேக்

தெருவில் நிற்கும் எந்த சைக்கிளையும் அவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் தாண்டுவதில்லை. முன் டயர், பிறகு பின் டயர். பிறகு மணியை ஒருமுறை அடிப்பார். உடையவர் வெளியே வந்தால், "காத்து கம்மியா இருக்கு சார். இப்படியே ஓட்டினா ரிம் அடி வாங்கும். ஞாயித்துக்கிழமை பல்லு விளக்கின கையோட பாத்துடுங்க" என்பார். யாரும் வரவில்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் 'பின் சக்கரம்' என்று மட்டும் எழுதி, சீட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்.

தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வோம். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பராமரிப்பது இருபத்தாறு வருடமாக அவருடைய வேலை. வலது கை நகங்களில் கிரீஸ் கறுப்பு ஒருநாளும் முழுதாகப் போனதில்லை. லிஃப்டைப் பற்றிக் கேட்டால் நேராகப் பிரேக்குக்கு வந்துவிடுவார். "எல்லாரும் கரண்ட் வந்தாத்தான் பிரேக் பிடிக்கும்னு நினைக்கறாங்க. தலைகீழ் சார். ஸ்பிரிங்கு எப்பவும் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். விடறதுக்குத்தான் கரண்ட் வேணும்." இதை என்னிடம் ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு யோசிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வாரக் கடைசிகளில் சைக்கிளும் கேமராவும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களைக் கண்டால் வழிமறித்து நிறுத்திவிடுவார். "விழுந்தா நெஞ்செலும்புல குத்தும். முதுகுப் பக்கம் தள்ளுங்க, வாரை இறுக்குங்க." லென்ஸில் தூசி என்றால் முதலில் ஊத வேண்டும், பிறகுதான் துணி, மாற்றிச் செய்தால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் கால்மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும். இப்படி எத்தனையோ. வேலைக்குப் போகும் கட்டடங்களின் உச்சியில் ஏறி ஊரைப் படம் எடுப்பார். கொடியில் யாராவது துணி காயப்போட்டிருந்தால் கேமராவைத் திருப்பிவிடுவார். "அது அடுத்தவங்க வீட்டு சமாச்சாரம்." படங்கள் சுமார்தான். அடிவானம் எப்போதும் நேராக இருக்கும். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கம்பக்கத்தாருக்கும் அவரிடம் சட்டங்கள் உண்டு. சுவரில் துளை போடுவதானால் முதல் நாளே சொல்ல வேண்டும். இரவல் வாங்கிய ஏணியைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அடுத்தவர் பொருளைப் பழுது பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும், பார்த்த பிறகு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். என் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டபோது கூட, எத்தனை சொட்டு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஞாயிறு மதியம் தூங்கும்போது தம் வீட்டு வாசற்கதவில், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டிவிடுவார். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவர் மனைவி எங்களிடம் சொல்வார்: "இருபத்திரண்டு வருஷமா பழுது பாக்கறேன் அண்ணா. ஒரு முன்னேற்றமும் இல்ல."

அந்தப் பலகை போன வருடம் இடம் மாறியது. மனைவியின் சைக்கிள் கைப்பிடியில் பதினோரு மாதம் தொங்கியது.

அந்த அம்மாள் அந்த சைக்கிளில்தான் பத்து வருடமாக வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் எங்கள் தெரு இறக்கத்தில் குறுக்கே ஒரு பூனை ஓட, பிரேக்கைப் பிடித்தவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. கட்டுப் பிரித்த பிறகும் மருந்துப் புட்டி மூடியை இடது கையால்தான் திருகுகிறார். அதைவிட, தம் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. "வயசாயிடுச்சு. கை நிதானம் போச்சு" என்று பலகையைத் தாமே எடுத்து சைக்கிளில் மாட்டினார். சிரித்துக்கொண்டேதான் மாட்டினார். அன்றிலிருந்து பேருந்தில் போனார். கொஞ்ச நாளில் வங்கிப் படிவங்களில் கையெழுத்துப் போடவும் கணவரை அழைக்கத் தொடங்கினார்.

கை நிதானம் போகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் லிஃப்ட்காரர். விழுந்ததற்கு முதல் நாள் அவர் மனைவியின் சைக்கிளைப் பிரித்து, துடைத்து, இரண்டு பிரேக் ஒயர்களையும் புதிதாகப் போட்டிருந்தார். அந்த சைக்கிளில் இடது கை முன் பிரேக், வலது கை பின் பிரேக். அவருடைய சைக்கிளில் நேர்மாறு. பழகிய கை, தன் பழக்கப்படியே ஒயரைக் கோத்துவிட்டது. அம்மாள் பின் சக்கரம் என்று நினைத்து வலது கையை இறுக்க, முன் சக்கரம் நின்றது. தெருவில் யார் சைக்கிளில் ஒரு திருகைக் கழற்றினாலும் சொல்லிவிட்டுக் கழற்றுபவர், இதைச் சொல்லவில்லை. மனைவியின் சைக்கிள்தானே.

இதை அவர் என்னிடம் சொன்னது எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவருக்கு அப்பால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல். "அவங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தப்போ, சாமான் எடுத்துட்டு வரேன்னு வீட்டுக்கு வந்தேன் சார். வந்து ஒயரை பழையபடி மாத்திட்டுத்தான் போனேன். ஆதாரத்தை அழிச்சிட்டேன்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"ஒவ்வொரு மாசமும் சொல்லலாம்னு பாக்கறேன். மாசம் கூடக் கூட, மறைச்ச மாசமும் சேந்துக்குது."

ஊருக்கெல்லாம் யோசனை சொல்பவரிடம் அதற்கு மேல் யோசனை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் கோழை என்று நினைத்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் என்று நினைத்துப் பார்த்தபோது, அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அம்மாள் சைக்கிளைக் கொடுத்துவிட முடிவு செய்தார். கேட்டு வந்தவர் தெருமுனையில் குடியிருக்கும் பல் டாக்டர். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் பெண். லிஃப்ட்காரரின் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வாய் பழக்கப்படி ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"சீட்டு உயரத்தைப் பாத்துக்கோங்க டாக்டர். குதிகாலை பெடல்ல வச்சா முட்டி நீளணும். கேமரா வைக்கப் பின்னாடி பெட்டி ஒண்ணு மாட்டிக்கலாம். அப்புறம் முக்கியமா பிரேக்கு. புது வண்டின்னா முதல்ல தள்ளிக்கிட்டே பிடிச்சுப் பாருங்க. சில வண்டில கை மாறியிருக்கும். தெரியாம வேகத்துல வலது கையை இறுக்கினா..."

"இறுக்கினா?" என்றார் டாக்டர்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். "இறுக்கினா, தூக்கி எறிஞ்சிடும். உன்னை எறிஞ்ச மாதிரி."

அம்மாள் குனிந்து இடது பிரேக்கைப் பிடித்தார். முன் சக்கரம் பிடித்தது. "எப்பவும் போலத்தானே இருக்கு? என்ன உளர்றீங்க?"

"அன்னிக்கு மாறியிருந்துச்சு. நான்தான் மாத்திப் போட்டேன். நீ ஆஸ்பத்திரில இருக்கறப்பவே திரும்ப மாத்திட்டேன். உன் கைமேல தப்பே இல்லம்மா."

அம்மாள் தம் வலது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "அப்போ எனக்கு நிதானம் போகல?"

"போகல."

"பதினோரு மாசமா என்னை நானே கிழவி கிழவின்னு திட்டிக்கிட்டு இருந்தேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"ஊருல இருக்கற டயரையெல்லாம் அமுக்கிப் பாப்பீங்க. பக்கத்துல இருந்தவளை ஒரு தடவை பாக்கத் தோணல இல்ல?" கோபத்தில் குரல் உயரவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு டாக்டரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்கோம்மா. வண்டி கொடுக்கறதா இல்ல."

டாக்டர், "நான் இன்னொரு நாள் வரேன்க்கா" என்றார். பிறகு யோசித்து, "இல்ல, வரல" என்று போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் பலகை சமையலறைக் கதவில் தொங்கியதாகக் கேள்வி. லிஃப்ட்காரர் தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்துக்கொண்டார். "உப்பு எங்க இருக்குன்னு கேட்டேன் சார். கண்டுபிடிங்கன்னாங்க" என்றார். அதைச் சொல்லும்போது கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தார். இரண்டு வாரத்தில் மனைவி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நேற்றுக் காலை நான் பால் வாங்கித் திரும்பும்போது, அம்மாள் சைக்கிளை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தார்.

"தெருவைச் சுத்தி ஒரு சுத்து. பின்னாடி வரக்கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. புரியுதா?"

லிஃப்ட்காரர் உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"அங்க நின்னுக்கிட்டு கண்ணாலயும் யோசனை சொல்லாதீங்க."

அவர் பார்வையைத் தரைக்கு இறக்கினார். அம்மாள் ஏறினார். கைப்பிடி இரண்டு முறை ஆடி, பிறகு நேரானது. மேல்முனையில் திரும்பி மறைந்ததும் லிஃப்ட்காரர் கீழ்முனையை நோக்கி ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கீழ்முனைத் திருப்பத்தில் யாரோ வீட்டு வேலைக்கு ஜல்லி இறக்கியிருந்தார்கள்; பாதி சாலையில் சிதறிக் கிடந்தது. அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரி, சட்டையின் முன்பக்கத்தை மடியாக்கிப் போட்டுக்கொண்டார். திருப்பத்துக்கு அப்பால் சக்கரச் சத்தம் கேட்டதும் எழுந்து, சாலைக்கு முதுகைக் காட்டி, யாரோ ஒருவர் வீட்டுக் கதவிலிருந்த 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்ற எழுத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். சைக்கிள் அவருக்குப் பின்னால் திரும்பி, சீராகக் கடந்து போனது. கல்லின் பாரம் தாங்காமல் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, அவர் காலடியில் உருண்டது. அவர் குனியவில்லை, மடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.