மேலத்தெருவுக்கு ஒரு டயர்

1. நிபந்தனை

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஆளுங்கட்சியின் ஊர்க்கிளைச் செயலாளர் எங்கள் சைக்கிள் கடைக்கு வந்தார். கடை வலங்கைமான் கடைத்தெருவில் இருந்தது. நான் அங்கே மெக்கானிக். முதலாளி ரத்தினம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிராமத்தில் புதிதாகக் கட்டிய வாய்க்கால் பாலத்தின் திறப்பு விழாவுக்காக அந்தச் சைக்கிள் பந்தயத்தை வைத்திருந்தார்கள். கடை சார்பில் ஒரு பெயர் கொடுத்திருந்தோம்.

"யாரு ஓட்டுறது?" என்று கேட்டார் செயலாளர்.

"தங்கராசுங்க. ரைஸ் மில்லுக்கு மூட்டை அடிக்கிற பையன். கேரியர்ல ரெண்டு மூட்டையோட கரை ஏறுவான். காலா அது, உலக்கை" என்றார் முதலாளி.

"பையன் நல்ல பையன்தான். ஒண்ணே ஒண்ணு. நடுவுல மேலத்தெரு வருதுல்ல, அங்க மட்டும் இறங்கி உருட்டிக்கிட்டுப் போயிடச் சொல்லுங்க. தெரு தாண்டி ஏறிக்கட்டும்."

நான் ஸ்போக் சாவியைக் கீழே வைத்தேன்.

தங்கராசுவும் நானும் ஒரே தெரு. பண்ணை வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கிற தெரு அது. எங்களில் யார் சைக்கிளில் வந்தாலும் மிராசுதார் வீடுகள் இருக்கும் மேலத்தெருவின் முனையில் இறங்கிவிட வேண்டும். தெரு முடிகிறவரை உருட்ட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல. என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று தெரிந்துகொண்டு திரும்பிய அன்றும் அந்தத் தெருவில் வண்டியை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். பந்தயம் நடந்த வருடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவில் சங்கக் கொடி ஏறியிருந்தது. மிராசுதார்கள் முறைப்பாக இருந்தார்கள்.

"நோட்டீஸ்ல சாதி பேதமில்லாமன்னு போட்டிருக்கீங்களேங்க" என்றேன்.

"போட்டிருக்கோம்பா. அதனாலதானே உங்க பையன் பேரைச் சேர்த்திருக்கோம். பெரியவங்க வீட்டு வாசல்ல தகராறு வேணாம்னு சொல்றேன். அன்னைக்கி மேடையில வேற நான் பேசணும்."

"அவன் உருட்ட மாட்டான்ங்க."

செயலாளர் சிரித்தார். "தம்பி, இந்த மழைக்கு அந்தத் தெரு எப்படிக் கெடக்குன்னு பாத்தியா? எல்லாப் பயலும்தான் இறங்கப் போறான். மிராசு வீட்டுப் பிள்ளையும் இறங்குவாரு. எல்லாரும் இறங்குற எடத்துல உன் ஆளும் இறங்குனா என்ன கொறஞ்சுடப்போறான்?"

அவர் போன பிறகுதான் அந்தப் பேச்சின் சாமர்த்தியம் எனக்கு விளங்கியது. மற்றவர்கள் இறங்கினால் சேற்றுக்காக இறங்கினார்கள் என்பார்கள். தங்கராசு இறங்கினால், சொன்னபடி கேட்டான் என்பார்கள். ஆகவே அவன் அந்தத் தெருவில் இறங்கவே கூடாது. கால் தரையில் படக்கூடாது. மீதி எல்லாம் பிறகு.

2. ஸ்போக் கம்பி

மறுநாள் தங்கராசுவைக் கூட்டிக்கொண்டு பந்தய வழி முழுக்கப் போனேன். கையில் ஒரு ஸ்போக் கம்பி. முதலில் தார் ரோடு, அதில் பார்க்க ஒன்றுமில்லை. அடுத்தது வாய்க்கால் கரை. தூர் வாரிப் போட்ட வண்டல் அங்கே நனைந்து கிடந்தது. கம்பியைக் குத்தினால் முழுக்க இறங்கியது. இந்த மாதிரி அடி இல்லாத இடத்துக்குத் தடித்த டயர் வேண்டும், காற்றும் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து மேலே மிதக்கும்.

அதற்கு அடுத்தது மேலத்தெரு. வழக்கம்போல முனையில் இறங்கினோம். குறுவை வைக்கோல் ஏற்றிய வண்டிகள் போய் வந்து, மாடுகள் மிதித்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. கம்பியைக் குத்தினேன். நாலு விரற்கடை இறங்கி 'டொக்' என்று நின்றது. பஞ்சாயத்தில் எப்போதோ கொட்டிய சரளை அடியில் இருந்தது.

மிராசுதாரின் பண்ணை வேலைகளை மேற்பார்க்கிற காரியக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, தெருவுக்கு ஊசி போடுறீங்களா?"

"ஆமாங்க, காய்ச்சல் அடிக்குதான்னு பாக்குறோம்" என்றான் தங்கராசு.

அடியில் கெட்டித் தரை இருந்தால் கணக்கு தலைகீழ். ஒல்லி டயர் வேண்டும். சேற்றை அறுத்துக்கொண்டு போய்ச் சரளையைப் பிடிக்கும். தடித்த டயர் களியை வாரி எடுக்கும். வைக்கோல் கலந்த களி மட்கார்டுக்குள் போய் அடைத்தால் சக்கரம் சுற்றாது. அதாவது, கரைக்கு ஆகிற டயர் தெருவுக்கு ஆகாது, தெருவுக்கு ஆகிற டயர் கரைக்கு ஆகாது. வண்டியோ ஒன்றுதான்.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இருபத்தாறு இஞ்ச் ஒல்லிச் சக்கரம் போடுகிறேன். சக்கரம் சின்னதானால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இடம் கிடைக்கும், சேறு தங்காது. பின்னால் பல் அதிகமுள்ள பெரிய ஃப்ரீவீல். மிதிக்க லேசாக இருக்கும்.

"லேசா இருக்கும். தார் ரோட்டுல ஓடாதேடா. கரையிலயும் மாட்டிக்குவான். கப்பு என்னாவுறது?"

"கப்பு வராதுங்க முதலாளி."

"அந்தத் துண்டுத் தெருவுக்காக மீதி ரோடு பூராவும் தோக்கணுமா? கடையில கப்பை வச்சா நாலு பேர் வருவான். உங்க தெரு வழக்கு எனக்கு எதுக்கு?"

"கப்பு அடுத்த வருசமும் குடுப்பாங்க. இப்ப இறங்குனா எங்க பிள்ளைங்களும் இறங்கிக்கிட்டேதான் கெடக்கணும்."

"தோத்துட்டுக் கடைப் பக்கம் வராத."

"சரிங்க" என்றேன்.

ஓட்டப்போகிறவனிடம் கேட்க வேண்டும் அல்லவா? தங்கராசு கொஞ்ச நேரம் அந்த ஒல்லிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு, "கரையில தோள்ல போட்டுக்கிட்டு ஓடிடுறேன்டா. மூட்டையவிடவா கனம்?" என்றான்.

மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றினேன். பின் டயரில் பட்டன், அதாவது பிடிப்புக்கான ரப்பர் முண்டுகள், நெருக்கமாக இருந்தன. நடுவில் களி தங்கும் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்து எடுத்தேன். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் சுலபமாக அறுபடும். காற்றைக் கல் மாதிரி அடித்தேன். பழைய ஃப்ரேமில் சின்னச் சக்கரம் என்பதால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவில்லை. அதையும் கழற்றிப் போட்டேன்.

3. தெரு

பந்தயத்தன்று நான் மேலத்தெரு முனையில் நின்றேன். எங்கள் தெரு ஆட்கள் வாய்க்கால் ஓரமாக நின்றார்கள். வீட்டு வாசல்களில் மிராசுதார் குடும்பங்கள்.

முதலில் வந்தது செயலாளர் சொன்ன மிராசு வீட்டுப் பிள்ளை, மிராசுதாரின் தங்கை மகன். புது வண்டி, தடித்த டயர், பளபளக்கும் மட்கார்டு. கரையை அவர் நன்றாகவே கடந்திருந்தார். தெருவில் நுழைந்து நாலு வீடு தாண்டவில்லை, முன்சக்கரம் நின்றுவிட்டது. இறங்கினார். தள்ளிப் பார்த்தார், சுற்றவில்லை. இழுத்துக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் மட்கார்டுக்குள் குச்சி விட்டுக் குடைந்தார்கள். மேலத்தெருக்காரர்கள் மேலத்தெருவில் வண்டியை உருட்டிப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

தங்கராசு கடைசிக்கு முன்னால் வந்தான். தோளில் வண்டி, மார்புவரை வண்டல். தெரு முனையில் வண்டியை இறக்கி வைத்தான். காலை உதறினான். எல்லாரும் இறங்கிய இடத்தில் அவன் ஏறினான்.

ஒல்லி டயர் சேற்றைப் பிளந்துகொண்டு போனது. அடியில் சரளை நறநறவென்றது. பாதித் தெருவில் காரியக்காரர் குறுக்கே வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இறங்குடா. எந்தத் தெருன்னு தெரியல?"

"பிரேக் இல்லீங்க. ஒதுங்கிக்கங்க" என்றான் தங்கராசு. மிதிப்பதை நிறுத்தவில்லை.

அவர் ஒதுங்கினார். அவருக்காக ஹேண்டில்பாரை ஒடித்ததில் பின்சக்கரம் வண்டித் தடத்துப் பள்ளத்தில் விழுந்து வீணாகச் சுற்றியது. வண்டி சாய்ந்தது. அவனுடைய இடது கால் பெடலைவிட்டுக் கிளம்பிச் சேற்றுக்கு மேலே வந்துவிட்டது. அவன் கால் கீழே போகவில்லை. திரும்பப் பெடலுக்குப் போனது. சீட்டை விட்டு எழுந்து முழு உடம்பையும் அதன் மேல் வைத்தான். டயர் சரளையைக் கவ்வியது. அதற்குப் பிறகு தெரு முடிகிறவரை யாரும் குறுக்கே வரவில்லை. நான்கைந்து பேரைத் தாண்டிக்கொண்டு போனான். அவர்கள் எல்லாரும் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த கப்பி ரோட்டில் அவர்கள் சேற்றை வழித்துவிட்டு ஏறி, அவனை எட்டிப் பிடித்து முந்திப் போனார்கள். அதுவும் எதிர்பார்த்ததுதான். கப்பு மிராசுதாரின் தங்கை மகனுக்கு. செயலாளர் மேடையில் சமத்துவத்தைப் பற்றி நன்றாகவே பேசினார்.

4. பிறகு

மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கடைக்குப் போனேன். வராதே என்று சொன்னவர்தான் கல்லாவில் இருந்தார். நான் கோட்டம் எடுக்காமல் விட்டிருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாளி டீக்கு ஆளனுப்பினார். டீ இரண்டு வந்தது.

குறுவைக்கு அடுத்த தாளடி நடவுக்குப் பண்ணையில் எங்கள் தெருவைக் கூப்பிடவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டையைச் சங்கத்தில் நின்றவர்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும். எங்கள் பெண்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆனாலும் அவன் இறங்கியிருக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சேற்றுப் பந்தயத்துக்கு எந்த வண்டி, எந்த டயர் என்று கேட்டுப் பையன்கள் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். எல்லாத் தரைக்கும் ஒத்துவருகிற டயர் கிடையாது, அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் என்பேன். வழி முழுக்க நடந்து, கம்பியைக் குத்திப் பாருங்கள். எந்த இடத்தில் தோற்றாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் இறங்கவே கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு டயர் போடுங்கள்.

மழை விட்டுத் தெரு காய்ந்த பிறகு ஒரு காலையில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் சைக்கிளில் மேலத்தெருவுக்குள் போனார்கள். யாரும் இறங்கவில்லை. வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள், தடுக்கவில்லை. அந்த வண்டிகளுக்கு நான் எதுவும் செய்யவில்லை. மட்கார்டு, கேரியர், தேய்ந்துபோன தடித்த டயர் எல்லாம் அப்படியே இருந்தன.